அப்பொலோனியாவின் குறடு

பந்தலூரைத் தாண்டியதும் ஜீப் தார் ரோட்டை விட்டு எஸ்டேட் மண் பாதையில் இறங்கியது. ஓட்டிக்கொண்டிருந்த லூயிஸின் இடது கையில் ஒரு கேரட் இருந்தது. ஒரு பள்ளத்துக்கு ஒரு கடி.

"கேரட்டு வேணுமாங் அம்மணி? கேத்தியில நேத்துப் புடுங்கினது. கல்லு மாதிரி இருக்குது."

"வேண்டாங்கண்ணா. ரோட்டைப் பாருங்க."

"இது ரோடுன்னு உங்களுக்கு யாருங் சொன்னது?"

ராஜப்ரியா கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். குன்னூரில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது அவளுடைய துப்பறியும் அலுவலகம். ஓர் அறை, இரண்டு நாற்காலி. வேதியியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். தேவைக்கு மேல் பேசமாட்டாள். சில நேரம் தேவைக்கும் பேசமாட்டாள். லூயிஸ் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் பேசாமல் விட்டதை எல்லாம் சேர்த்துப் பேசுவதும் உதவியாளர் வேலையில் அடக்கம் என்று நினைப்பவர்.

இன்றைய வழக்குக்குக் கட்டணம் கிடையாது. லூயிஸின் சித்தி மகள் ஜெஸிந்தா மேல் திருட்டுப் பழி விழுந்திருந்தது. ஹெதர்லி எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிப்பவள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு மேலே இருக்கும் சின்னக் கோயிலைத் திறப்பதும் பெருக்குவதும் அவள்தான். அந்தக் கோயிலின் புனிதை அப்பொலோனியா கையில் வைத்திருந்த குறடு காணாமல் போய்விட்டது. இன்று மாலை திருவிழாக் கொடியேற்றம். அதற்குள் குறடு வராவிட்டால் ஜெஸிந்தாவிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு போலீசுக்குப் போவதாகத் திருவிழாக் கமிட்டி சொல்லியிருந்தது. போலீஸ் கேஸ் என்றால் எஸ்டேட் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும்.

"சாமி கையில எதுக்குங்கண்ணா குறடு?" என்றாள் ராஜப்ரியா.

"அப்பொலோனியாம்மா பல்வலிக்கு அதிகாரிங். ஒவ்வொரு புனிதருக்கும் ஒரு டிபார்ட்மெண்ட் உண்டு."

"கதையச் சொல்லுங்க."

லூயிஸ் கேரட்டை டாஷ்போர்டில் வைத்தார். அது மரியாதை.

"எகிப்து தேசத்துல அலெக்சாந்திரியான்னு ஒரு ஊருங். ஆயிரத்தெழுநூறு வருசத்துக்கு மேல ஆச்சு. வேதத்துல சேந்தவங்கள ஒரு கூட்டம் ஊடு ஊடாப் பூந்து அடிக்குது. இந்தம்மாவப் புடிச்சாங்க. தாடையில அடிச்சு, இருந்த பல்லு அத்தனையும் உதுத்துப் போட்டாங்க. அப்புறம் தீய மூட்டி, 'நாங்க சொல்றதச் சொல்லு, இல்லீனா உள்ள போடுவோம்'னாங்க. 'கொஞ்சம் கைய விடுங்க'ன்னுச்சாம் அம்மா. பயந்துருச்சு, சொல்லப்போகுதுன்னு விட்டாங்க. அது பாட்டுக்கு நடந்து போயித் தானே தீயில எறங்கீருச்சு."

ராஜப்ரியா அவர் பக்கம் திரும்பினாள்.

"சின்னப் பொண்ணா?"

"படத்துல எல்லாம் சின்னப் பொண்ணுதாங். நெசத்துல நல்லா வயசானவங்கன்னு எங்க மறைக்கல்வி டீச்சர் சொல்லுவாங்க. உள்ளபடியே வரஞ்சா யாரு காலண்டர்ல போடுவாங்க?"

அவர் மறுபடியும் கேரட்டை எடுத்தார்.

கோயிலுக்கு ஏறும் படியின் அடியில் திருவிழா வளைவு கட்டி, அதில் துணி பேனர் விரித்திருந்தார்கள். ஒரு மூலையில் அப்பொலோனியா. மற்ற மூன்று மூலைக்கும் பரவி ஒரு மனிதரின் சிரிப்பு. கீழே சிவப்பு எழுத்து: பிரைட்டன் மூலிகைப் பல்பொடி. என் பல்லே சாட்சி!

"கமிட்டித் தலைவர் பிரைட்டனுங். பந்தலூர்ல கடை," என்றார் லூயிஸ். "திருவிழா யாருக்குன்னே ஒரு சந்தேகம் வருது."

ஜெஸிந்தா கோயில் வாசலில் விளக்குமாறோடு நின்றிருந்தாள். பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அழுத கண் இல்லை. கோபக் கண்.

"நான் திருடுறதா இருந்தா வெள்ளிக் கிரீடத்தையில்லங்க மேடம் எடுத்திருப்பேன்? இரும்புக் குறட்ட எடுத்து நான் என்ன ஆணியா புடுங்கப் போறேன்?"

"இத மட்டும் போலீஸ்ல சொல்லீராத ஜெஸி," என்றார் லூயிஸ். "எழுதிக்குவாங்க."

"சும்மா இருங்கண்ணே. லயத்துல தண்ணிக் குழாய்கிட்ட போனா ஒருத்தி பேசமாட்டேங்கறா. போன வாரம் வரைக்கும் குழந்தைக்குப் பல்லு வலின்னு ராத்திரியெல்லாம் என் கதவத் தட்டுனவ."

உள்ளே கண்ணாடிக் கூட்டுக்குள் புனிதை நின்றிருந்தாள். நீல அங்கி, ரோஜாக் கன்னம், ஒரு கையில் குருத்தோலை. மற்றொரு கை எதையோ பிடித்தபடி உயர்ந்திருந்தது. அந்தக் கையில் ஒன்றும் இல்லை. டாக்சிக்குக் கை காட்டுவது போல இருந்தது. தலையில் வெள்ளிக் கிரீடம் பத்திரமாக இருந்தது.

கூட்டின் பூட்டு உடையவில்லை.

"கூட்டுச் சாவி எங்க இருக்கும்?" என்றாள் ராஜப்ரியா.

"பீடத்துப் பக்கத்துல கிராம்பு டப்பா இருக்குல்ல, அதுல."

"அது யாருக்கெல்லாம் தெரியும்?"

"தெரியாதவங்க யாருங்க? கோயில் பகல்ல தொறந்தேதான் கெடக்கும். நான் கொழுந்துக் காட்டுல இருக்கறப்போ யாருக்காச்சும் பல்லு வலி வந்தா?" ஜெஸிந்தா நிறுத்தினாள். "சனிக்கிழமை மத்தியானம் பாத்தேன், குறடு இருந்துச்சு. கொழுந்து நிறுத்துப் போட்டுட்டு சாயங்காலம் வந்து பாத்தா இல்ல."

புனிதையின் கழுத்தில் சின்னச் சின்னக் கிராம்பு மாலைகள் தொங்கின. கூடு முழுக்கக் கிராம்பு வாசனை. சுவரில் புத்தம் புதிய கேமரா ஒன்று புனிதையையே முறைத்துக்கொண்டிருந்தது.

"இது எப்ப வந்தது?"

"குறடு போனதுக்கு மறுநாள். ஸ்டெபின் தம்பி மாட்டுச்சு. கமிட்டிச் செயலாளர்."

"குறடு போனதுக்கப்புறம் குறடு இருந்த எடத்துக்குக் காவலா? வெவரமான தம்பி," என்றார் லூயிஸ்.

ராஜப்ரியா மாலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த மாலை எதுக்கு?"

"வலியோட வர்றவங்க போடணுங்க. தன் கையாலயே கோத்துட்டு வரணும். வாயில எத்தனை பல்லு இருக்கோ அத்தனை கிராம்பு. ஒண்ணு கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. நான் கூட்டத் தொறந்து மாலையப் போட்டுட்டு, குறட்ட எடுத்துக் கன்னத்துல வெப்பேன். பெருநாள் முடியற வரைக்கும் மாலைய யாரும் தொடமாட்டாங்க. இது பெரிய லயத்து மணிமேகலை போட்டது. இது டிரைவர் சங்கிலி அண்ணன் போட்டது, ரெண்டு பல்லு சண்டையில போச்சு, அதான் கம்மி. இது எங்க சூப்பர்வைசர்."

"இந்து ஆளுங்களும் வருவாங்களா?"

"பல்லுக்கு என்னங்க மதம்?"

ராஜப்ரியா விரலை நீட்டினாள். "அது?"

மாலைகளுக்கு நடுவே ஒரு வெறும் வெள்ளை நூல் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு முனையும் சேர்த்து ஒழுங்காக முடிச்சுப் போட்டிருந்தது. கிராம்பு ஒன்றுகூட இல்லை.

"அது ஏதோ அறுந்த மாலைங்க. கிராம்பெல்லாம் உதுந்திருச்சு போல. நான்தான் தொடக்கூடாதுன்னு அப்படியே விட்டுட்டேன்."

"யார் போட்டது?"

ஜெஸிந்தா யோசித்தாள். "தெரியலீங்களே. நான் போட்டு விடல."

ராஜப்ரியா குனிந்து கூட்டின் அடித்தட்டைப் பார்த்தாள். தூசி இருந்தது. ஒரு செத்த ஈ இருந்தது. உதிர்ந்த கிராம்பு ஒன்றும் இல்லை. முடிச்சும் அவிழவில்லை.

அவள் நிமிர்ந்து லூயிஸின் பக்கம் வந்தாள். "அண்ணா, வெளிய கமிட்டிக்காரங்க இருக்காங்கல்ல? எல்லாரையும் சிரிக்க வைங்க."

"எதுக்குங்?"

"வாயைத் திறந்து சிரிக்கணும். நல்லாத் திறந்து."

லூயிஸுக்குக் காரணம் புரியவில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வேலையை யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார்.

கொடிமரத்தடியில் நாலைந்து பேர் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெபின் ஏணிமேல் நின்று கட்டளை போட்டுக்கொண்டிருந்தான். மைக் அருகில் கோட்டும் மஃப்ளருமாக நின்றவரை அறிமுகப்படுத்தத் தேவை இருக்கவில்லை. வளைவில் இருந்த சிரிப்பு அப்படியே அவர் முகத்திலும் இருந்தது.

"துப்பறியறவங்களா? வாங்க வாங்க," என்றார் பிரைட்டன். "கண்டுபிடிச்சுட்டா எங்களுக்கும் நிம்மதிங்க."

"என்னத்தக் கண்டுபிடிக்கிறது சேட்டா," என்று ஏணியிலிருந்து ஸ்டெபின் சொன்னான். "சாவி அவங்க பொறுப்பு. சாமான் காணோம். நேர் கணக்குதானே? கொடியேத்தறதுக்கு முன்னாடி சாவியைத் தட்டுல வெச்சிரணும்னு சொல்லியாச்சு."

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுத்திருக்கோம்ல ஸ்டெபின்," என்றார் பிரைட்டன் மெதுவாக. அவர் கோயில் வாசல் பக்கம் பார்க்கவில்லை. மஃப்ளரை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

லூயிஸ் பேச்சுக்குள் புகுந்தார்.

"பல்லுன்னதும் ஞாபகம் வருதுங். நான் கோழிக்கோடு வண்டியில கண்டக்டர். கூடலூர்ல ஒருத்தன் ஏறுனான். ஒரு பக்கத் தாடை பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்குது. எங்க போகணும்னேன். வாயத் தொறக்க முடியல, நேராக் கைய நீட்டுனான். நேராப் போனா கோழிக்கோடுதானே? டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்துட்டேன். பாதி மலை எறங்குனதுக்கப்புறம்தான் தெரியுது, அவன் காட்டுனது முன் சீட்டுல ஒக்காந்திருந்த பல்லு டாக்டர."

ஏணி ஆடியது. ஸ்டெபின் சிரித்தான்.

"இருங்க, முடியல. கோழிக்கோட்டுல எறங்கறப்போ அவனுக்கு வலியே இல்ல. எப்படிப்பா போச்சுன்னேன். 'திரும்பி வர எவ்வளவுன்னு கேட்டேன் சார், வலி பறந்துபோச்சு'ங்கறான்."

எல்லாரும் சிரித்தார்கள். ராஜப்ரியா ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். ஸ்டெபினுக்கு முன்பல்லில் இடைவெளி. பல்பு கட்டியவருக்கு வெற்றிலைக் கறை, ஆனால் எல்லாம் இருந்தது. இன்னொருவருக்குக் கடைவாயில் இரண்டு இல்லை. பிரைட்டனுக்கு ஒன்றுகூடக் குறையவில்லை. கடைசிப் பல் வரை வரிசையாக, வெள்ளையாக, கடையில் அடுக்கி வைத்தது போல இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் லூயிஸ் பையிலிருந்து கேரட்டை எடுத்து ஆளுக்கு ஒன்றாக நீட்டினார். ஸ்டெபின் ஏணியிலிருந்து இறங்கி வந்து கடித்த சத்தம் மைக்கில் கேட்டது.

"கேரட்டா!" என்றார் பிரைட்டன். "பல்லுக்கு இத விட நல்லது ஏதுங்க? நானே எல்லார்க்கும் சொல்லுவேன். இருக்கட்டும், மைக் டெஸ்டிங் முடிச்சுட்டுச் சாப்பிடுறேன்." கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

ஜீப்புக்குத் திரும்பியதும் லூயிஸ் கேட்டார். "சிரிக்க வெச்சாச்சு. இப்பவாச்சும் சொல்லுங் அம்மணி."

"அந்த நூல் அறுந்த மாலை இல்லைங்கண்ணா. முடிச்சு அப்படியே இருக்கு. கீழ ஒரு கிராம்பு கூட விழலை. அது முழு மாலை."

"கிராம்பே இல்லாம முழு மாலையா?"

"ஒரு பல்லுக்கு ஒரு கிராம்பு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

லூயிஸின் கை சாவியிலேயே நின்றது. "அட! பல்லே இல்லாத ஆளு!"

"மாலையைப் போட்டுட்டுத்தான் குறட்டை எடுத்திருக்காங்க. திருடன் இல்லை. பக்தர்."

"ஆளக் கண்டுபுடிச்சுட்டேன்," என்றார் லூயிஸ். ஜீப் அதற்குள் கிளம்பிவிட்டது. "கருப்பம்மா. கீழ் லயம். இலங்கையில கண்டிச் சீமையில இருந்து கப்பல்ல வந்த கெழவி. வாயப் பொத்திக்கிட்டேதான் பேசும். கேஸ் முடிஞ்சுது அம்மணி!"

கருப்பம்மாள் லயத்து வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். சுவரில் மாரியம்மன் படமும் அப்பொலோனியா படமும் ஒரே மாலையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன.

"பல்லுக்கு இந்தம்மா. மத்ததுக்கெல்லாம் ஆத்தா," என்றாள் கிழவி, முந்தானையால் வாயைப் பொத்தியபடி. "ஆளுக்கொரு வேலை. சண்ட சச்சரவு இல்ல."

லூயிஸ் நேராக விஷயத்துக்கு வந்தார். "பாட்டி, கோயில்ல ஒரு மொட்ட நூலு தொங்குது. யாரு போட்டதுன்னு தெரியுமா?"

"மொட்ட நூலா?"

"கிராம்பு இல்லாத மாலை. பல்லு இல்லாதவங்க போட்டது."

கிழவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த கேரட்டைப் பிடுங்கினாள். முந்தானையை இறக்கினாள். கீழ்வரிசையில், நடுவில், மஞ்சளாக, உறுதியாக ஒரே ஒரு பல் நின்றிருந்தது. அதை வைத்துக் கேரட்டைச் சர்ரென்று ஒரு சீவு சீவினாள். உளியால் இழைத்தது போல ஒரு சுருள் விழுந்தது.

"இது என்னான்னு சொல்லு!"

"பல்லுங்."

"யாரப் பாத்துடா பல்லில்லாதவங்கற? தொரைமாரு காலத்துலயே என்னைய யாரும் அப்பிடிச் சொன்னதில்ல. நான் மாலை போட்டா ஒத்தக் கிராம்பு போடுவேன். மொட்ட நூலு போட நான் என்னா அத்துப்போனவளா?" சுருளை வாயில் போட்டு மென்றாள். "அந்த ஜெஸிந்தா புள்ள மேல பழிய வேற போட்டுட்டீங்க. என் கன்னத்துல அவ குறடு வெக்கிறப்போ கை பூ மாதிரி இருக்கும். கண்டுபுடிங்க, போங்க. கேரட்ட வெச்சுட்டுப் போ."

ஜீப்பில் ஏறும்போது லூயிஸின் முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஒரு பல்லுல கேஸு போச்சுங்களே அம்மணி. எஸ்டேட்டுல வேற யாருக்குமே முழுசா போகலியே. நாம பாத்த வாயிலெல்லாம் பல்லு இருக்குதே."

ஜீப் மறுபடியும் வளைவை நெருங்கியது. காற்றில் துணி உப்பியது. பிரைட்டனின் சிரிப்பு பெரிதானது, சுருங்கியது, மறுபடி பெரிதானது.

"நிறுத்துங்க," என்றாள் ராஜப்ரியா.

லூயிஸ் பிரேக் போட்டார்.

"இன்னைக்கு நம்ம கேரட்டைக் கடிக்காதவங்க யார்?"

"எல்லாரும்தான் கடிச்சாங்க. ஸ்டெபின் கடிச்சான். பல்புக்காரர் கடிச்சாரு. ஒத்தப் பல்ல வெச்சுட்டு அந்தக் கெழவியே..." லூயிஸ் அண்ணாந்து வளைவைப் பார்த்தார். என் பல்லே சாட்சி!

அதன் பிறகு பிரைட்டன் வீடு வரும் வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ராஜப்ரியா இரண்டு முறை திரும்பி அவர் நன்றாக இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. பல்பொடி பாக்கெட் போடும் இடம். வேலை செய்யும் பெண்கள் கொடியேற்றத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். மேஜை முழுக்க ரோஸ் நிறப் பொடி. அடுக்கி வைத்த பாக்கெட்டுகளில் நூற்றுக்கணக்கான சின்னப் பிரைட்டன்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த பெரிய பிரைட்டன் சிரிக்கவில்லை. கன்னத்தில் கை வைத்திருந்தார்.

"கேரட் சாப்பிட்டீங்களா சார்?" என்றாள் ராஜப்ரியா.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"எங்ககிட்ட நீங்க முப்பத்திரண்டும் காட்டலாம் சார். அப்பொலோனியாம்மாகிட்ட பொய்க் கணக்குக் காட்ட உங்களுக்கு மனசு வரல. அதான் வெறும் நூல்."

பிரைட்டன் கதவைப் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் வாய்க்குள் இரண்டு விரலை விட்டார். புன்னகை முழுசாக வெளியே வந்து மேஜைமேல் உட்கார்ந்தது.

அவர் முகம் உள்ளே மடிந்தது. ஒரு நொடியில் இருபது வயது கூடிவிட்டது. காலண்டரில் போடாத முகம் என்று ராஜப்ரியா நினைத்துக்கொண்டாள்.

பொடி டின் ஒன்றைத் திறந்து, உள்ளே கம்பளித் துணியில் சுற்றியிருந்ததை எடுத்து மேஜைமேல் வைத்தார். கருத்த இரும்புக் குறடு. அதன் வாயில் வெள்ளியில் ஒரு குட்டிப் பல்.

"வலி நெசமுங்க," என்றார். பல் இல்லாமல் சொற்கள் காற்றாக வந்தன. "பல்லில்லாத எடத்துல வலி. கோயமுத்தூர் போயி டாக்டரப் பாத்தேன். இல்லாத பல்லு எப்படிங்க வலிக்கும்னு சிரிச்சாரு."

"வலிக்கும்," என்றாள் ராஜப்ரியா. "பல்லுதான் போகும். நரம்பு அங்கேயேதான் இருக்கும்."

அவர் அவளையே பார்த்தார். அவரை நம்பிய முதல் ஆள் அவள்தான் போலிருந்தது.

"ஜெஸிந்தாகிட்ட போனா வாயத் தொறந்து காட்டணும். அதோட என் பல்பொடி முடிஞ்சுது. அதான் யாரும் இல்லாதப்போ போனேன். அந்தம்மாவுக்கும் ஒரு பல்லு கூட இல்லீல்லங்க? எல்லாத்தையும் அடிச்சுட்டாங்கல்ல? எனக்கு வலிக்குதுன்னு அவங்களாச்சும் நம்புவாங்கன்னு நெனச்சேன். அன்னிக்கு ராத்திரி குறட்டக் கன்னத்துல வெச்சுட்டுப் படுத்தேன். அப்படித் தூங்கி ரொம்ப நாளாச்சு."

"இப்ப?"

"காலையில ஜெஸிந்தாவத் திருடின்னு சொன்னாங்க. வலி திரும்ப வந்துருச்சு."

"திருப்பி வெச்சிருக்கலாமில்லீங்?" என்றார் லூயிஸ்.

"கேமரா மாட்டிட்டாங்க." பிரைட்டன் தலையைக் குனிந்துகொண்டார். "மாட்டச் சொல்லி ஸ்டெபின் கேட்டான். சரின்னு சொன்னதே நான்தான். வேண்டாம்னு எப்படிங்க சொல்றது?"

லூயிஸ் சிரிப்பை அடக்கிக்கொள்ளக் கொட்டகைக் கூரையைப் பார்த்தார்.

பிரைட்டன் குறட்டை அவள் பக்கம் தள்ளினார். "பீடத்துத் துணிக்கு அடியில இருந்துச்சுன்னு சொல்லீருங்க மேடம். கெடைச்சிருச்சுன்னா எல்லாம் சரியாயிரும்."

"குறடு கிடைச்சுரும் சார். ஜெஸிந்தாவுக்குப் போன பேர் கிடைக்காது. பயந்துபோய்த் திரும்ப வெச்சுட்டான்னுதான் சொல்லுவாங்க. சாகற வரைக்கும் சொல்லுவாங்க."

"அப்ப என் பேரு?"

நூற்றுக்கணக்கான சின்னப் பிரைட்டன்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் குறட்டைத் தொடவில்லை.

"நான் உங்களைக் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போகப்போறதில்லை. நீங்களா வந்தாத்தான் அது செல்லும்."

வெளியே வந்ததும் லூயிஸ் பொங்கினார். "என்னங் அம்மணி, விட்டுட்டு வர்றீங்க? அந்தாளு வரலீனா?"

"வரலைன்னா நான் மைக்ல பேசணும்."

லூயிஸ் அவளைப் பார்த்தார். பேக்கரிக்காரரிடம் பன் கேட்கவே அவரை அனுப்புகிறவள்.

"அய்யோ, அதுக்கு நான் உள்ள போயி அவரு கால்ல விழுந்துடறனுங்," என்றார்.

சாயங்கால வெயில் மஞ்சளாக இறங்கியபோது கொடிமரத்தைச் சுற்றி எஸ்டேட்டே நின்றது. பங்குச் சாமியார் கொடியை மந்திரித்து முடித்திருந்தார். கோயில் வாசலில் ஏற்கெனவே ஒரு வரிசை சேர்ந்துவிட்டது. கன்னத்தில் துண்டு கட்டியவர்கள், கையில் கிராம்பு மாலையோடு வந்தவர்கள், குழந்தையைத் தூக்கியவர்கள். குறடு இல்லை என்று தெரிந்தும் வந்திருந்தார்கள். வலி கமிட்டி முடிவுக்காகக் காத்திருக்காது.

ஸ்டெபின் மைக்கைப் பிடித்தான். "குறடு இதுவரைக்கும் வராத காரணத்தினால, கோயில் சாவியை ஜெஸிந்தா அவர்கள் இந்தத் தட்டுல வைக்கும்படி கமிட்டி கேட்டுக்கொள்கிறது."

ஜெஸிந்தா கூட்டத்திலிருந்து வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சாவி தட்டில் விழுந்த சத்தம் மைக்கில் பெரிதாகக் கேட்டது. அவள் யாரையும் பார்க்கவில்லை. தண்ணிக் குழாய்க்காரி உட்பட எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

பிரைட்டனைக் காணோம்.

ராஜப்ரியா மைக் பக்கம் திரும்பினாள். ஓரடி எடுத்து வைத்தாள். இன்னோரடி. மைக் ஒரு மைல் தூரத்தில் இருப்பது போலிருந்தது. அவளுக்கு முன்னால் யாரோ இடித்துக்கொண்டு போனார்கள். மஃப்ளர் இல்லாத பிரைட்டன். கையில் கம்பளித் துணி.

அவர் ஸ்டெபினிடமிருந்து மைக்கை வாங்கினார். துணியை விரித்துக் குறட்டை உயரத் தூக்கிக் காட்டினார். கூட்டம் ஓ என்றது.

"எடுத்தது நான்," என்றார்.

ஸ்டெபின், தலைவர் ஏதோ விளையாடுகிறார் என்று அரைச் சிரிப்பில் நின்றான்.

பிரைட்டன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். திரும்பி நிற்கவில்லை. எல்லார் முன்னாலும் பல் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்துக்கொண்டார்.

"ஜெஸிந்தா எடுக்கல. எனக்குப் பல்லில்ல. வலி இருக்கு. சொல்ல வெக்கப்பட்டு எடுத்துட்டேன். அப்பொலோனியாம்மா வெக்கப்படல. தீக்குத் தானாப் போச்சு. எனக்கு இங்க வர இத்தன நாளாச்சு."

சொற்கள் பாதி காற்றும் பாதி எச்சிலுமாக வந்தன. முன்வரிசையில் ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது. அம்மா அதன் வாயைப் பொத்தினாள். பிறகு அவளே சிரித்துவிட்டாள். சிரிப்பு பின்வரிசை வரை ஓடியது. கருப்பம்மாள் கைதட்டிச் சிரித்தாள். பிரைட்டன் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார். பிறகு அவரும் சிரித்தார். வளைவில் இருந்த சிரிப்பு இல்லை. வேறு. கொஞ்சம் கோணலாக, கொஞ்சம் குழந்தை மாதிரி.

ஜெஸிந்தா சிரிக்கவில்லை. அதே இடத்தில் நின்றாள்.

ஸ்டெபின் தட்டை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தான். காது சிவந்திருந்தது. குனிந்து மெல்லிய குரலில் சொன்னான். "தப்பா நெனச்சுட்டோம்க்கா. சாவிய எடுத்துக்கங்க."

"என்ன சொன்ன தம்பி? கேக்கல."

"தப்பா நெனச்சுட்டோம்..."

"சாவிய வெக்கச் சொன்னப்போ நல்லாக் கேட்டுச்சு," என்றாள் ஜெஸிந்தா. "மைக் அங்க இருக்கு."

ஸ்டெபின் மைக்கைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். போனான். மைக்கில் இரண்டு முறை தொண்டையைச் செருமினான். ஜெஸிந்தா குற்றமற்றவர், கமிட்டி தவறு செய்துவிட்டது, சாவி என்றும் அவரிடமே இருக்கும் என்று மலை முழுக்கக் கேட்கும்படி சொன்னான். கடைசி வார்த்தை எதிர்மலையில் மோதித் திரும்பி வந்து இன்னொரு தடவையும் சொன்னது.

அதற்குப் பிறகுதான் ஜெஸிந்தா சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மணி அடித்தது. கொடி ஏறியது. லூயிஸ் மூக்கைச் சிந்திவிட்டு, தூசி என்றார். அப்போது காற்றே இல்லை.

ஜெஸிந்தா கோயிலுக்குள் போய்க் கூட்டைத் திறந்தாள். குறட்டை ஒரு முறை முந்தானையால் துடைத்தாள். வரிசையில் முதலில் நின்ற குழந்தையின் கன்னத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டாள். அப்போது பிரைட்டன் பழக்கத்தில் பக்கக் கதவு வழியாக நேரே உள்ளே வந்தார். கமிட்டித் தலைவர்கள் அந்த வழியாகத்தான் வருவார்கள். கன்னத்தைக் காட்டியபடி அவள் முன்னால் வந்து நின்றார்.

ஜெஸிந்தா குழந்தையை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

"வரிசை வெளிய முடியுதுங்க தலைவரே."

பிரைட்டன் கைக்குட்டையைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு, வாசலைத் தாண்டி, படியில் இறங்கி, வளைவில் இருந்த தன் சிரிப்புக்கு அடியில் கடைசி ஆளாகப் போய் நின்றார்.